பழைய ஹாம் ரிப்பீட்டரை மீட்கப் போகிறீர்களா? பெட்டியைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்

புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் வாங்கி, கையில் ஒரு ஹேண்டியும் (கையடக்க ஒயர்லெஸ்) வாங்கியாயிற்று. ஊரில் ஒரு ரிப்பீட்டர் (நம் பேச்சை ஓர் அதிர்வெண்ணில் வாங்கி, அதே நேரம் இன்னொரு அதிர்வெண்ணில் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம்) இருக்கிறதாமே என்று விசாரித்தால் அது இரண்டு வருடமாக அரை உயிரோடு கிடக்கும். அதைப் போட்டவர்களுக்கு வயதாகிவிட்டது, சிலர் வெளியூர் போய்விட்டார்கள், "நீங்க பாத்துக்கோங்க தம்பி" என்று சாவி நம் கைக்கு வந்துவிடும். எங்கள் நான்கு பேருக்கும் அப்படித்தான் வந்தது. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ஒரு மலை மேல் இருக்கும் 2 மீட்டர் அலைவரிசை (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ரிப்பீட்டர். மலையின் பெயரைச் சொல்லவில்லை, கேபிளும் பேட்டரியும் திருடு போகும் காலம் இது.

அதன் நோய் இதுதான்: பாலக்கோட்டிலும் காவேரிப்பட்டணத்திலும் அதன் ஒலிபரப்பு ஓரளவு கேட்கும், ஆனால் நாம் பேசினால் அது எடுத்துக்கொள்ளாது. அரூர் பக்கம் இருந்து 25 வாட் மொபைல் ரேடியோவில் (வண்டியில் பொருத்தும் ஒயர்லெஸ்) கூப்பிட்டாலும் கரகரப்புதான். நாங்கள் உடனே பெட்டியைத் திறந்தோம். ரிசீவரை மாற்றினோம், கன்ட்ரோலரை (ரிசீவரையும் டிரான்ஸ்மிட்டரையும் சேர்த்து இயக்கும் பலகை) மாற்றினோம், பவர் சப்ளையை மாற்றினோம். எட்டு மாதம் போயிற்று, கிட்டத்தட்ட அறுபதாயிரம் ரூபாயும் போயிற்று. கடைசியில் கோளாறு இருந்தது டவர் உச்சியில், ஆன்டெனாவுக்கு அடியில் இருந்த ஒரு கனெக்டரில். அதற்குள் மழைநீர் இறங்கிக் கேபிளின் பின்னல் பச்சை பூத்துப் போயிருந்தது. புதுக் கனெக்டரும் டேப்பும் நல்ல கேபிளும் மட்டும் வாங்கியிருந்தால் ஒன்றரை மாதத்தில் முடிந்திருக்கும். நீங்களாவது வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. மலை ஏறும் முன் காகிதங்களைச் சேருங்கள்

இதை எல்லாரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். நாங்களும் விட்டோம், முதல் பயணத்தில் பாதி வழியிலேயே திரும்பினோம்.

உங்கள் சொந்த ஹாம் லைசென்ஸ் உங்கள் நிலையத்துக்கு. ரிப்பீட்டருக்கு டபிள்யூ.பி.சி. (தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசை அனுமதிப் பிரிவு) தரும் அனுமதி தனி. அது யார் பெயரில் இருக்கிறது, எந்த அதிர்வெண்ணுக்கு, எந்த இடத்துக்கு, எந்தத் தேதி வரை என்று முதலில் பாருங்கள். பழைய ரிப்பீட்டர்களில் அடிக்கடி நடப்பது, அனுமதி வாங்கியவர் ஒருவராக இருப்பார், இப்போது பார்த்துக்கொள்பவர் இன்னொருவராக இருப்பார். அனுமதி காலாவதியாகி இருந்தால் பழுது பார்க்கலாம், டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, சக்தியைக் காற்றில் விடாமல் சூடாக்கித் தீர்க்கும் சுமை) சோதிக்கலாம், ஆனால் ஆன்டெனாவில் போட்டு ஒலிபரப்பக் கூடாது. விண்ணப்பம் இப்போது அந்தத் துறையின் சரல் சஞ்சார் இணையதளம் வழியாகப் போகிறது. அதற்கான வேலையை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். நீங்கள் கேபிள் மாற்றும் நாட்களில் அது தன் பாட்டுக்கு நகரட்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: ரிப்பீட்டர் அனுமதியின் நகல், வேலைக்கு வரும் ஒவ்வொருவரின் ஹாம் லைசென்ஸ் நகல், அறையும் டவரும் யாருடையதோ அவரிடமிருந்து ஒரு சம்மதக் கடிதம், மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதற்குக் கடைசி மின்கட்டண ரசீது, உள்ளே இருக்கும் ரேடியோக்களின் வாங்கிய பில் அல்லது குறைந்தது மாடல், சீரியல் எண் பட்டியல். மலை காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். மாவட்ட வன அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, போகும் நாள், வண்டி எண், ஆட்கள் பெயர் எல்லாம் குறித்து வாங்குங்கள். வாய்மொழியாக "போயிட்டு வாங்க" என்று சொன்னவர் அன்றைக்கு விடுப்பில் இருப்பார், அடுத்தவருக்கு அது தெரியாது. நாங்கள் திரும்பியது அதனால்தான்.

பெங்களூரிலிருந்து ரேடியோவோ டூப்ளெக்ஸரோ (ஒரே ஆன்டெனாவில் பேசவும் கேட்கவும் வைக்கும் உலோகக் குழாய்த் தொகுதி) ஓசூர் வழியாகக் கொண்டு வருகிறீர்கள் என்றால் பில்லும் லைசென்ஸ் நகலும் வண்டியிலேயே இருக்கட்டும். நான்கு நீண்ட உலோகக் குழாய்களும் ஒயர்லெஸ் பெட்டியும் காரில் இருந்தால் நிறுத்திக் கேட்பது நியாயம்தான்.

2. பணமும் நாட்களும்: முதலிலேயே பேசிவிடுங்கள்

எங்களுக்கு ஆன கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். நானோ வி.என்.ஏ. (ஆன்டெனா, கேபிள், டூப்ளெக்ஸரை அளக்கும் கையடக்கக் கருவி) ஐந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. இதை மட்டும் தயங்காமல் முதலில் வாங்குங்கள், இது கையில் இல்லாததால்தான் எங்கள் எட்டு மாதம் போயிற்று. 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரி பதினாறாயிரம். கேபிள், கனெக்டர், டேப், ஜம்பர் (சின்ன இணைப்புக் கேபிள்) எல்லாம் சேர்ந்து பன்னிரண்டாயிரம். டவர் ஏறத் தெரிந்தவருக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, அவருடைய உதவியாளுக்குத் தனி. ஜீப் ஒரு நடைக்கு இரண்டாயிரம். பேட்டரி ஏற்றும் நாளில் அடிவாரம் வரை குட்டியானை வண்டி, அங்கிருந்து ஜீப்.

எங்கே அதிகம் ஆனது என்று பார்த்தால் ஜீப்தான். பதினோரு முறை ஏறினோம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை மறந்தோம், ஒரு முறை 'என்' (N) வகைக் கனெக்டர் இருந்தது, அதைப் பொருத்தும் கிரிம்பிங் கருவி இல்லை. இன்னொரு முறை சால்டரிங் அயர்ன் இருந்தது, கரன்ட் இல்லை. ஆகவே கேஸில் சூடாகும் சால்டரிங் அயர்ன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதி, பையில் போட்ட பிறகு டிக் அடியுங்கள்.

எந்த மாதத்தில் செய்வது? பிப்ரவரியும் மார்ச்சும்தான் எங்கள் பக்கம் சரியான காலம். காற்று குறைவு, மழை இல்லை, பாறை வழுக்காது. ஏப்ரல், மே வந்தால் மதியத்துக்கு மேல் கோடை இடி பிடித்துக்கொள்ளும், இடி முழங்கும் வானத்தின் கீழ் டவரில் ஆள் நிற்கக் கூடாது. மாம்பழ சீசன் தொடங்கிவிட்டால் கிருஷ்ணகிரி பக்கம் வண்டியும் ஆளும் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வாடகை வேறு மாதிரி இருக்கும். மார்ச்சைத் தவறவிட்டால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் மழை விட்ட நாள் பார்த்துப் போகலாம்.

3. முதல் பயணம்: எதையும் கழற்றாதீர்கள்

கை அரிக்கும், தெரியும். ஆனாலும் முதல் பயணம் அளப்பதற்கும் எழுதுவதற்கும் மட்டும்.

கதவைத் திறந்ததும் ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். குளவிக்கூடு, பாம்பு, தேள் எல்லாம் சூடான பெட்டிக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கும். டவரில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் அன்றைக்கு டவர் வேலை கிடையாது, அவ்வளவுதான்.

பிறகு எல்லாக் கம்பிகளையும் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு சீட்டு ஒட்டி எண் போடுங்கள். பழைய ரிப்பீட்டரில் சர்க்யூட் வரைபடம் இருக்காது, இருந்தாலும் அதன் பிறகு மூன்று பேர் கை வைத்திருப்பார்கள்.

எழுத வேண்டிய எண்கள் இவை. ஒலிபரப்பாத போது ரேடியோ முனையில் எத்தனை வோல்ட், ஒலிபரப்பும் போது எத்தனை வோல்ட். டிரான்ஸ்மிட்டர் வாயில் எத்தனை வாட், டூப்ளெக்ஸருக்குப் பிறகு எத்தனை வாட், திரும்பி வருவது எத்தனை வாட். பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் ஹைட்ரோமீட்டர் அளவு. டிரான்ஸ்மிட் அதிர்வெண்ணும் ரிசீவ் அதிர்வெண்ணும், 2 மீட்டரில் ரிப்பீட்டர் காது கொடுப்பது அது பேசும் அதிர்வெண்ணுக்கு 600 கிலோஹெர்ட்ஸ் கீழே. டோன் (ரிப்பீட்டர் திறக்கக் குரலோடு சேர்த்து அனுப்பும் மெல்லிய ஒலி) இருக்கிறதா, என்ன டோன். டைம் அவுட் (ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் பேச விட்டுப் பிறகு தானாக நிறுத்தும்) எத்தனை நிமிடம்.

ரேடியோ பழைய மோட்டோரோலா ஜி.எம்.300 போன்றதாக இருந்தால் அதன் புரோகிராமைப் படித்துச் சேமிக்க வேண்டும். அதற்கான மென்பொருள் டாஸ் காலத்தது, வேகமான புதுக் கணினியில் வைத்தால் ரேடியோவோடு பேசாது. ஒரு பழைய லேப்டாப்பையும் அதற்கான இணைப்புப் பெட்டியையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். சேமிக்காமல் ஒரு பட்டனையும் அமுக்காதீர்கள்.

4. ஆன்டெனாவும் கேபிளும்: நூற்றுக்கு முக்கால்வாசி இங்கேதான்

எங்களை ஏமாற்றிய இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கீழே அறையில் எஸ்.டபிள்யூ.ஆர். பார்த்தோம் (அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை), 1.6 காட்டியது. பரவாயில்லையே, ஆன்டெனா நன்றாகத்தான் இருக்கிறது என்று மூடிவிட்டுப் பெட்டிக்குத் திரும்பினோம். இதுதான் பெரிய பொறி. கேபிள் நனைந்து கெட்டுப் போயிருந்தால், மேலே போகும் சக்தியைப் பாதி தின்னும், மோதித் திரும்பி வருவதையும் தின்னும். திரும்பி வருவது கொஞ்சமாகத் தெரிவதால் மீட்டர் "எல்லாம் நலம்" என்று காட்டும். ஒரு வழிக்கு 5 டெசிபெல் (3 டெசிபெல் போனால் சக்தி பாதி) இழக்கும் கேபிள் என்றால், மேல் முனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் கீழே எஸ்.டபிள்யூ.ஆர். 2-க்குள்தான் காட்டும். கெட்ட கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருக்கும் என்பதை எழுதி அறையில் ஒட்டி வையுங்கள்.

சரியான சோதனை இப்படி: ஒருவர் மேலே ஏறி ஆன்டெனாவைக் கழற்றி, கேபிளின் முனையை அப்படியே திறந்து விட வேண்டும். கீழே நானோ வி.என்.ஏ.வில் ரிட்டர்ன் லாஸ் (போய்த் திரும்பும் சிக்னல் எத்தனை டெசிபெல் குறைந்திருக்கிறது) பாருங்கள். அதில் பாதிதான் கேபிளின் ஒரு வழி இழப்பு. 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்.ஜி.213 கேபிள் நல்ல நிலையில் சுமார் 2.6 டெசிபெல் இழக்கும். செல்போன் டவர்களில் போடும் அரை அங்குல ஹார்டுலைன் (பின்னலுக்குப் பதிலாக முழு உலோக உறை உள்ள கேபிள்) என்றால் அதே நீளத்துக்கு ஒரு டெசிபெல்லுக்கும் கீழே. அளவு இதைவிட ஒன்றரை, இரண்டு டெசிபெல் கூடுதலாக இருந்தால் கேபிளை ஆராய்ச்சி செய்யாமல் மாற்றிவிடுங்கள். மெல்லிய ஆர்.ஜி.58 இருந்தால் அளக்கவே வேண்டாம், 30 மீட்டரில் நல்ல நிலையிலேயே ஐந்தரை டெசிபெல் போய்விடும்.

ஹார்டுலைன் துண்டுகள் பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பில் இல்லாமல் வாங்காதீர்கள், அது எந்த டவரிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

புதுக் கேபிள் போடும்போது எல்.எம்.ஆர்.400 வகையைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். ஒரு நேரம் பேசி, இன்னொரு நேரம் கேட்கும் சாதாரண நிலையத்துக்கு அது அருமையான கேபிள். ரிப்பீட்டருக்கு வேண்டாம். அதில் அலுமினியத் தாளும் செம்புப் பின்னலும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு இருக்கும். ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே கேட்கும் ரிப்பீட்டரில், காற்றில் கேபிள் ஆடும்போதெல்லாம் அந்த உரசல் கரகரப்பாக ரிசீவருக்குள் வரும். ஹார்டுலைன் அல்லது இரட்டைப் பின்னல் ஆர்.ஜி.214 போடுங்கள்.

கனெக்டர் விஷயத்தில் பி.எல்.259 மழைக்குத் தாங்காது, வெளியே இருப்பதெல்லாம் 'என்' (N) வகையாக இருக்கட்டும். இறுக்கிய பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரணக் கறுப்பு டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கூரைக்கு ஓடு வேய்வது போலத்தான், மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூட வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வழிந்து போகும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீர் பிடிக்கும் கிண்ணமாகிவிடும். எங்கள் கனெக்டரில் யாரோ அப்படித்தான் சுற்றியிருந்தார்கள். கேபிள் அறைக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், தண்ணீர் அங்கே சொட்டிப் போகட்டும்.

டவரில் துருப்பிடித்த போல்ட், தளர்ந்த கிளாம்ப், பயன்படாமல் தொங்கும் கம்பி எல்லாவற்றையும் இதே பயணத்தில் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த இணைப்பும் கரகரப்பை உண்டாக்கும்.

ஏறுபவருக்கு முழு உடல் பெல்ட், தலைக்கவசம், இரண்டு கொக்கிகள் கட்டாயம். அவர் மேலே இருக்கும் வரை டிரான்ஸ்மிட்டர் பியூஸ் அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும், கீழே இருப்பவர் கையில் அல்ல.

5. மின்சாரம்

ரேடியோ முனையில் அளந்த வோல்ட் நினைவிருக்கிறதா? ஒலிபரப்பாத போது 13.6, ஒலிபரப்பினால் 12.2 என்று இறங்கினால், பவர் சப்ளையைக் குறை சொல்லும் முன் நடுவில் இருக்கும் பியூஸ் ஹோல்டர், லக், மெல்லிய ஒயர் இவற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதுதான் குற்றவாளி. குட்டையான தடித்த ஒயர் போடுங்கள்.

ஒலியில் ரீங்காரம் கேட்டால் பவர் சப்ளையின் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸ் முனகலாக வரும். பத்து வருடம் தாண்டியதென்றால் எல்லாவற்றையும் 105 டிகிரி வகையாக மாற்றிவிடுவது நல்லது. பெங்களூர் எஸ்.பி. ரோடு ஓசூர்க்காரர்களுக்குப் பக்கம், மற்றபடி சென்னை ரிச்சி தெரு. எங்கே வாங்கினாலும் போலி உண்டு. பெரிய கொள்ளளவு எழுதி, எடை மட்டும் பஞ்சு போல இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

பேட்டரிக்குக் கணக்கு எளிது. எங்கள் ரிப்பீட்டர் சும்மா இருக்கும்போது அரை ஆம்பியர், பேசும்போது ஆறரை ஆம்பியர். நாளில் பத்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் சராசரி 1.1 ஆம்பியர் வரும். 100 ஆம்பியர் அவர் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் வைத்தால் 45 மணி நேரம் ஓடும். மலையில் கரன்ட் போனால் ஆள் வந்து பார்க்க ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால் நாங்கள் 150-க்குப் போனோம். மிதவை மின்னழுத்தம் (பேட்டரி நிறைந்த பிறகு அதை அப்படியே வைத்திருக்கத் தரும் வோல்ட்) 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். பேட்டரி 11.5 வோல்ட்டுக்கு இறங்கினால் தானாகத் துண்டிக்கும் ரிலே போடுங்கள், இல்லாவிட்டால் நீண்ட மின்வெட்டு ஒன்று பதினாறாயிரத்தைக் கொன்றுவிடும்.

சோலார் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போடலாம். மேலே சொன்ன கணக்குக்கு நாளுக்கு 26 ஆம்பியர் அவர் வேண்டும். 100 வாட் பலகை நல்ல வெயிலில் ஏறத்தாழ அவ்வளவுதான் தரும், மேகமூட்டத்தில் தராது. 200 வாட்டுக்குக் குறையாதீர்கள். மலிவான சார்ஜ் கன்ட்ரோலர்கள் ரிசீவரின் மேல் இரைச்சலைக் கொட்டும். வாங்குவதற்கு முன் ஒரு ஹேண்டியை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

6. காது மந்தமா என்று சோதிப்பது

ரிப்பீட்டர் பேசத் தொடங்கியதும் அதன் காது மந்தமாவதை டெசென்ஸ் என்பார்கள். இந்தச் சோதனையை நாங்கள் முதல் மாதமே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

தூரத்திலிருந்து ஒரு நண்பர் மிகக் குறைந்த சக்தியில் பேசட்டும், ரிசீவரில் கொஞ்சம் கரகரப்போடு கேட்கும் அளவுக்கு. ராயக்கோட்டையில் இருக்கும் நண்பர் ஹேண்டியை வீட்டுக்குள் வைத்துப் பேசினார், எங்களுக்கு அது சரியாக இருந்தது. டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி வைத்து ரிசீவரின் ஒலியை நேராகக் கேளுங்கள். இப்போது டிரான்ஸ்மிட்டரை இயக்குங்கள். நண்பரின் குரல் அப்படியே இருந்தால் நல்லது. கரகரப்பு கூடினாலோ குரல் காணாமல் போனாலோ டெசென்ஸ் இருக்கிறது.

அடுத்தது முக்கியம். ஆன்டெனா கேபிளைக் கழற்றி டூப்ளெக்ஸர் வாயில் டம்மி லோடு போடுங்கள். நடுவில் ஒரு டீ கனெக்டர், அதன் மூன்றாவது கையின் நடு முள்ளைக் கொஞ்சம் வெட்டி, அதில் சிறு கம்பி செருகினால் நண்பரின் சிக்னல் மெலிதாக உள்ளே வரும். சிக்னல் ஜெனரேட்டர் கிடைத்தால் அதை அங்கே கொடுங்கள், இன்னும் நல்லது. இப்போது மறுபடி டிரான்ஸ்மிட்டரை இயக்குங்கள். டம்மி லோடில் சுத்தமாக இருந்து, ஆன்டெனாவில் மட்டும் கரகரப்பு வந்தால் கோளாறு அறைக்கு வெளியே: கேபிள், கனெக்டர், ஆன்டெனா, துரு. இரண்டிலும் கரகரப்பு என்றால் டூப்ளெக்ஸர், ஜம்பர் கேபிள்கள் அல்லது டிரான்ஸ்மிட்டர். அரை மணி நேர வேலை இது.

7. டூப்ளெக்ஸர்: கடைசியாகத் தொட வேண்டிய திருகுகள்

ஒரே ஆன்டெனாவில் பேசவும் கேட்கவும் வைப்பது இந்தக் குழாய்கள்தான். டிரான்ஸ்மிட்டர் பக்கக் குழாய்கள், அதாவது கேவிட்டிகள், கேட்கும் அதிர்வெண்ணில் டிரான்ஸ்மிட்டர் கக்கும் இரைச்சலை வெட்டுகின்றன. ரிசீவர் பக்கக் கேவிட்டிகள் பேசும் அதிர்வெண்ணை வெட்டுகின்றன. 600 கிலோஹெர்ட்ஸ் என்ற குறுகிய இடைவெளியில் 80 டெசிபெல்லுக்கு மேல் வெட்ட வேண்டும் என்பதால்தான் அவை அத்தனை பெரியவை. ஒன்றரை டெசிபெல் இழப்பு இயல்பு, 25 வாட் உள்ளே போனால் சுமார் 18 வாட் வெளியே வரும். 10 வாட்தான் வருகிறது என்றால் கவலைப்படுங்கள்.

உள்ளங்கை அளவில் ஆறு குழாய் சேர்ந்த சின்ன டூப்ளெக்ஸர் மலிவாக இணையத்தில் விற்கிறது. அது 4, 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்தது. நம்முடைய 600 கிலோஹெர்ட்ஸுக்கு எப்படித் திருகினாலும் வேலை செய்யாது. நண்பர் ஒருவர் ஏழாயிரம் கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார்.

டியூன் செய்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு கேவிட்டியாகக் கழற்றி நானோ வி.என்.ஏ.வில் தனித்தனியாகச் செய்யுங்கள். முழுவதையும் சேர்த்து 90 டெசிபெல் ஆழத்தைப் பார்க்க அந்தச் சின்னக் கருவிக்குக் கண் போதாது, அது தன் இரைச்சலைத்தான் காட்டும். திருகுவதற்கு முன் ஒவ்வொரு தண்டும் எவ்வளவு வெளியே இருக்கிறது என்று வெர்னியரில் அளந்து எழுதுங்கள், ஏதாவது ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். அடிவாரத்தில் டியூன் செய்து ஜீப்பில் ஏற்றினால் குலுங்கும், அதனால் மேலே போய் மறுபடி ஒரு முறை பாருங்கள். கேவிட்டிகளை இணைக்கும் ஜம்பர்களின் நீளம் கணக்குப் போட்டு வெட்டியது, கையில் கிடைத்ததை மாற்றிப் போடாதீர்கள்.

8. இப்போது பெட்டி

இதற்குள் உங்கள் ரிப்பீட்டர் அநேகமாகச் சரியாகியிருக்கும். இல்லையென்றால் திறக்கலாம்.

முதலில் தூசி, எறும்பு, பல்லி எச்சம். ஹீட்சிங்கைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள், விசிறியை மாற்றுங்கள். இரண்டு மொபைல் ரேடியோக்களைச் சேர்த்துச் செய்த ரிப்பீட்டர் என்றால் டிரான்ஸ்மிட் சக்தியைப் பாதியாகக் குறையுங்கள். மொபைல் ரேடியோ விட்டு விட்டுப் பேசச் செய்தது, தொடர்ந்து பேசினால் அதன் இறுதி டிரான்சிஸ்டர் வெந்துவிடும். 25-ஐ 12 ஆக்கினால் கேட்பவருக்கு 3 டெசிபெல்தான் வித்தியாசம், காதுக்குப் பெரிதாகத் தெரியாது. கேபிளில் மீட்ட டெசிபெல்லே அதை ஈடு செய்துவிடும்.

பழைய கிரிஸ்டல் வகைகளில் அதிர்வெண் வருடக்கணக்கில் நகர்ந்திருக்கும். சரிபார்க்கப்பட்ட ஒரு எஸ்.டி.ஆர். டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன ரிசீவர்) வைத்துப் பார்த்து, டிரிம்மரைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மெதுவாகத் திருப்புங்கள். டீவியேஷன் (குரலுக்கு ஏற்ப அதிர்வெண் இருபக்கமும் விலகும் அளவு) 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாமல் இருக்கட்டும்.

கன்ட்ரோலரில் மூன்றே விஷயம். டைம் அவுட் 3 நிமிடம். யாருடைய பி.டி.டி. (பேச அமுக்கும் பொத்தான்) மாட்டிக்கொண்டாலும் டிரான்ஸ்மிட்டர் பிழைக்கும். கால்சைன் (நிலையத்தின் அடையாளக் குறி) ஒழுங்காக வருகிறதா. தூரத்திலிருந்து நிறுத்தும் வழி வேலை செய்கிறதா. இரைச்சலே ரிப்பீட்டரைத் தூண்டிவிட்டால் மூன்றாம் படியில் சொன்ன டோன் (சி.டி.சி.எஸ்.எஸ்.) ஒன்று போடுங்கள். ஆனால் டோன் போட்டால் நோய் தெரியாமல் மறையும், குணமாகாது. ஆறாவது படியை முடிக்காமல் போட வேண்டாம்.

9. எர்த்தும் மின்னலும்

பாறை மலையில் எர்த் கிடைப்பது கடினம். ஒரே குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு முடித்துவிட்டோம் என்று விடாதீர்கள், அளந்து பாருங்கள், 5 ஓமுக்குக் கீழே வர வேண்டும். எங்களுக்கு முதல் குழியில் 40 ஓம் வந்தது. மண் இருக்கும் பக்கம் பார்த்துப் பட்டையை நீளமாகக் கிடையாகப் புதைத்து, மூன்று இடங்களில் பெண்டோனைட் போட்ட குழிகளோடு இணைத்த பிறகுதான் இறங்கியது. கொத்தனாரும் இரண்டு ஆளும் இரண்டு நாள்.

டவர், கேபிளின் உறை, ரேடியோ பெட்டி, மின்சாரப் பெட்டி எல்லாம் ஒரே எர்த்தில் சேர வேண்டும். தனித்தனியாக விட்டால் மின்னல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உங்கள் ரேடியோ வழியாகத்தான் தாவும். கேபிள் நுழையும் இடத்தில் வாயுக் குழாய் வகை அரெஸ்டர் (மின்னல் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) போட்டு, உதிரிக் குழாய் ஒன்றையும் அறையில் வையுங்கள்.

10. பிறகு விடாமல் பார்ப்பது

ஒரு தடித்த நோட்டு அறையிலேயே இருக்கட்டும், அதன் படம் எல்லார் போனிலும். போகும் ஒவ்வொருவரும் மூன்றாம் படியில் சொன்ன அதே எண்களை அதே வரிசையில் எழுத வேண்டும். முன்னே போகும் சக்தி 18 வாட், திரும்புவது அரை வாட் என்று ஒரு வருடம் இருந்துவிட்டு, ஒரு நாள் முன்னே போவது அதே 18-ஆக இருக்கும்போது திரும்புவது சுழியாகிவிட்டால் மகிழாதீர்கள், கேபிளில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கலாம்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே இடத்தில் நின்று, ஒரே ஹேண்டியில், ஒரே சக்தியில் கூப்பிட்டு எப்படி எடுக்கிறது என்று எழுதுங்கள். நான் ஊத்தங்கரைச் சாலையில் ஒரு புளியமரத்தடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அங்கே கரகரப்பு கூடினால் மலை ஏற வேண்டிய நாள் வந்துவிட்டது என்று பொருள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், முனைகளில் வாசலின். மார்ச்சில் டவர் ஏற்றம், டேப் சோதனை. செப்டம்பரில் எர்த் அளவு, அரெஸ்டர், அறைக்கூரை ஒழுகல். குரங்கு இழுத்த கேபிள், எலி கடித்த ஒயர் எல்லாம் எந்தப் பயணத்திலும் கண்ணில் படும், கையோடு சரிசெய்யுங்கள். சாவி ஒன்று தர்மபுரியில் ஒருவரிடம், இன்னொன்று கிருஷ்ணகிரியில் ஒருவரிடம் இருக்கட்டும், அனுமதிக் காகிதத்தின் காலாவதித் தேதிக்கு இருவர் போனிலும் ஆறு மாதம் முன்னதாகவே அலாரம் வைத்துவிடுங்கள்.